பகுத்தறிவுக்கும் நாலு பேர் வேண்டும்

கடந்த வைகாசியில் எங்கள் கிளையிலிருந்து ஐந்து பேர் முள்ளியவளைக்குப் போனோம். வற்றாப்பளை அம்மன் பொங்கல் நெருங்கிய நாட்கள் என்பதால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நாங்கள் போனது ஒரு சாவுக்கு. 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பின் பெட்டியும் படுக்கையுமாக வன்னிக்குப் புறப்பட்ட எங்கள் தோட்டத்துக் குடும்பங்களில் ஒன்றின் பெரியவர் காலமாகியிருந்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் சங்கத்தின் ஆள். அங்கே போன பிறகு வயல் கூலி, பிறகு சொந்தமாக ஒரு துண்டுக் காணி. கடைசிவரை கோயில் வாசல் மிதிக்காதவர். பிள்ளைகளிடம் அவர் சொல்லி வைத்திருந்தது மூன்றே விடயம்: ஐயரைக் கூப்பிட வேண்டாம், சாதி பார்த்து எவரையும் பறையடிக்க அழைக்க வேண்டாம், அம்மாவின் தாலியைக் கழற்ற வேண்டாம்.

இப்படி ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். உயிரோடு இருக்கும்போது சிரித்துக்கொண்டு கேட்ட உறவினர்கள், பிணத்தைக் கிடத்தியதும் "ஊர் என்ன சொல்லும்" என்று தொடங்குவார்கள். அதற்குத் தயாராகத்தான் நாங்களும் போயிருந்தோம்.

அங்கே நடந்தது வேறு. மரணாதாரச் சங்கத்தார் தறப்பாளும் கதிரைகளும் பெரிய தேநீர்க் கிடாரமும் கொண்டுவந்து இறக்கினார்கள். சங்கக் காசை ஒரு கடித உறையில் வைத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் ஒழுங்கையில் கறுப்புக் கொடி கட்டினார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இறந்தவரைப் பற்றி ஒரு தாளில் எழுதி வாசித்தார்: எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த வயதில் கொழுந்துக் கூடை தூக்கினார், இடம்பெயர்வுக் காலத்தில் யார் யாருடைய பிள்ளைகளைத் தோளில் சுமந்தார் என்று. மகள்மார் இருவரும் சுடலைவரை நடந்து போனார்கள். தாலி கழுத்திலேயே இருந்தது. மறுநாள் காலையில் அந்த அம்மா எழுந்து குளித்து, வழக்கம்போலப் பிள்ளையார் படத்துக்கு விளக்கு வைத்தார். அதையும் யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எங்களுக்குள் பேச்சு எழவில்லை. எல்லோரும் ஒரே ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். சில வருடங்களுக்கு முன் இறந்த எங்கள் முன்னாள் கிளைச் செயலாளரை. அவரும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார். அவர் வீட்டு வாசலில் சங்கக்காரர் நாற்பது பேர் நின்றோம். கொள்ளிக்குடம் உடைத்தார்கள், தாலியறுத்தார்கள், தப்படிக்க வழக்கமான வீட்டு ஆட்களை ஆள்விட்டு அழைத்தார்கள். நாங்கள் லயத்துக் கோடியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். எதிர்த்துச் சொல்லப் பயமாக இருந்தது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. இதைச் செய்யாவிட்டால் வேறு என்ன செய்வது என்று எங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

பகுத்தறிவு பேசும் தோழர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. இரண்டு பேர், மூன்று பேர். நன்றாக வாசிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், திருவிழாவுக்குச் செக்ரோலில் வெட்டும் காசைப் பற்றித் தைரியமாகப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் தனி ஆட்கள். கல்யாணம், காது குத்து, சாவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரும்போது அவர்களைச் சுற்றி நிற்க ஆளில்லை. கோயிலுக்குப் போகிறவனுக்குக் கோயிலோடு சேர்ந்து முழுத் தோட்டமும் கிடைக்கிறது. போகாதவனுக்குப் புத்தகம் மட்டும் கிடைக்கிறது. நமது இயக்கத்தில் பகுத்தறிவு வேரூன்றாததற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இலங்கையில் பகுத்தறிவு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருபவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். 1959இல் ஓய்வு பெற்ற பிறகு, சாகும்வரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். அற்புத சக்தி உண்டு என்று சொல்லும் எவரும் அதைச் சோதனையில் காட்டினால் ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். அந்தக் காலத்து ஒரு இலட்சம்! கடைசிவரை யாரும் அதை வாங்கவில்லை. 1978இல் இறந்தபோது கண்களையும் உடலையும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார். பேய் பிடித்தது, கல் விழுகிறது, துணி தானாக எரிகிறது என்று வந்த முறைப்பாடுகளை வீடு வீடாகப் போய் ஆராய்ந்தார். அதில் ஒரு சம்பவம் 1973இல் 'மறுபிறவி' என்று தமிழ்ப் படமாகவும் வந்தது.

பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தோட்டத்துக்கு அவர் வந்ததாக எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. வந்தது அவருடைய கதைகள்தான். அந்தக் கதைகளை லயத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் ரசித்தார்கள், சிரித்தார்கள், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் கயிறு மந்திரிக்கப் போனார்கள். போனதில் வியப்பில்லை. ஆஸ்பத்திரி எட்டு மைல், லொறி துரையின் தயவு, மந்திரிக்கிறவர் அடுத்த லயம். பொய்யை உடைக்கிற வேலையைக் கோவூர் ஒருவரே செய்ய முடிந்தது. உடைத்த இடத்தில் எதை வைப்பது என்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை.

நம்முடைய சொந்த வரலாற்றில் அதற்கு முயற்சி நடக்காமல் இல்லை. கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்த கதை நமக்குத் தெரியும். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கட்டியபோது, மனைவி மீனாட்சியம்மாள் மேடையேறிப் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாத நம் பாட்டிமாருக்குச் சங்கம் என்பது முதலில் ஒரு பாட்டாகத்தான் வந்து சேர்ந்தது. அடுத்த வருடம், 1932 ஒக்டோபரில், ஐரோப்பாவும் ருஷ்யாவும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பெரியார் இலங்கையில் இறங்கிப் பேசினார். அந்தக் காலத்திலேயே இங்கே சுயமரியாதை இயக்கம் தொடங்கியது. பின்னாளில் அதன் வழியில் இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிடர் முன்னேற்றக் கழகம் மலையகத்தில் வளர்ந்தது. சங்குமார்க் லுங்கி கட்டிய இளைஞர்கள் வாசகசாலை வைத்தார்கள், நாடகம் போட்டார்கள், ஐயர் இல்லாமல் கல்யாணம் நடத்தினார்கள். வாக்குரிமையும் பிரஜாவுரிமையும் பறிக்கப்பட்ட சனத்துக்கு அது ஒரு நிமிர்வு. 1962இல் அரசாங்கம் கழகத்தைத் தடை செய்தது. அதன் பிறகு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, அந்த இளைஞர்களில் எத்தனையோ பேரைக் கப்பலேற்றி அனுப்பியது.

இன்று மிஞ்சியிருப்பது என்ன? பெயர்கள். அன்பழகன், கலைச்செல்வி, தமிழரசி, அறிவழகன். ஐம்பது அறுபது வயதுக்காரர்களிடம் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களை வைத்த அப்பன்மார் கூடியிருந்த வாசகசாலைகளில் இன்று எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கட்டிடம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், சாவி துரையிடம். தடை வந்தபோது கதவைப் பூட்டுவது மிகச் சுலபமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் சனத்தின் சாமிகளை நையாண்டி செய்யும் பகுத்தறிவில் எங்களுக்கு உடன்பாடில்லை. ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு. தேயிலை ஸ்டோரில் பெரிய ரோதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் முனி. உலகத்தில் வேறெங்கும் இந்தச் சாமி இல்லை, நம் ஆட்கள் இங்கே வந்து உண்டாக்கியது. ஏன் உண்டாக்கினார்கள்? ரோதையிலும் வாரிலும் கை மாட்டும், சேலை மாட்டும். மறைப்புத் தகடு போட முதலாளிக்கு மனமில்லை. தகடு இல்லாத இடத்தில் முனியை நட்டார்கள். ரோதமுனிக்குச் சேவல் அறுத்த தொழிலாளியை மூடன் என்பவன், தகடு போடாத கம்பனியை என்ன சொல்லுவான்? பாதுகாப்புத் தகடு கேட்டுச் சங்கம் எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒரு பகுத்தறிவுப் பிரசாரந்தான், யாரும் அதை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை என்றாலும்.

முள்ளியவளைக்குத் திரும்புவோம். நம் ஆட்கள் அந்தப் பக்கம் எப்படிப் போனார்கள் என்பது இளம் தோழர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1977க்குப் பின் மலையிலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்தும் வேலையில் முன்னே நின்றது வவுனியாவை மையமாகக் கொண்ட காந்தியம் அமைப்பு. டாக்டர் இராஜசுந்தரமும் கட்டிடக் கலைஞர் டேவிட் ஐயாவும் அதன் தலைவர்கள். காணி துப்புரவு செய்து கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, முன்பள்ளி நடத்த அனுப்பினார்கள். அது மதத்தை மறுத்த இயக்கம் அல்ல, பெயரே காந்தியம். ஆனாலும் அந்த முன்பள்ளிப் பாயில் உட்கார்ந்த பிள்ளையிடம் எந்தச் சாதி, எந்தக் கோயில், மலையா வடக்கா என்று கேட்கப்படவில்லை. 1983 ஏப்ரலில் இருவரையும் கைது செய்தார்கள். யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் டொலர் பாம், கென்ட் பாம் பண்ணைகளில் குடியேறியிருந்த நம் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கே எழுதி முடியாது.

வன்னியில் நம் ஆட்களுக்கு எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. "தோட்டக்காட்டார்" என்ற சொல் அங்கேயும் காதில் விழும். முப்பது நாற்பது வருடம் இருந்த காணிக்குப் பத்திரம் இல்லாதவர்கள் இன்றும் உண்டு. சனசமூக நிலையம் என்றால் எல்லாம் சமத்துவம் என்றும் இல்லை. சில ஊர்களில் நிர்வாகக் குழுவின் பெயர்களைப் பார்த்தாலே எந்தச் சாதி கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்று அங்குள்ள தோழர்களே சொன்னார்கள்.

அப்படியிருந்தும் அந்த ஏற்பாட்டில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வடக்கில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் உண்டு. பெரும்பாலும் ஒரே அறை, ஒரு நீள மேசை, இரண்டு மூன்று பத்திரிகை, ஒரு புத்தக அலுமாரி, முன்னால் கரப்பந்து விளையாட்டுத் திடல். கட்டிடம் ஊருக்குச் சொந்தம். கோயில் கூட்டம் அல்லாத ஒரு கூட்டம் கூடுவதற்கு ஊரில் அது ஒரு இடம். யுத்தத்தில் கூரை போய், 2009க்குப் பின் செட்டிக்குளம் முகாம்களிலிருந்து சனம் திரும்பிய பிறகு, தகரக் கொட்டிலாகப் பல இடங்களில் மறுபடி தொடங்கினார்கள். இறந்த பெரியவரும் அந்த ஆசிரியரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அப்படி ஒரு நிலையத்தில்தான் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடி வந்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏதாவது ஒன்றை வாசிப்பார்கள், அதைப் பற்றிப் பேசுவார்கள், பிளேன் டீ குடிப்பார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் சாமி கும்பிடுகிறவர்கள்.

நாங்கள் நின்ற கிழமையில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. துக்கம் நடந்த வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். விடயம் பாம்புக்கடி. வயல் விதைப்பும் அறுப்பும் நடக்கும் பூமியில் அது தத்துவப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஒரு தாதி வந்து விளக்கினார். கட்டு விரியன் இரவில் வரும், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடியப்புறம் வயிற்று வலி வரும், கண் இமை தூக்க முடியாமல் விழும், பிறகு மூச்சு முட்டும். நுளம்பு வலையை நாலு பக்கமும் பாயின் கீழ் செருகிப் படுத்தாலே பாதி ஆபத்துப் போய்விடும் என்றார். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது, சிறுநீரகம் பாதிக்கும். எந்தப் பாம்பென்றாலும் கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. மோதிரம், காப்புக் கழற்றி, கையைக் காலை ஆட்டாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அப்போது பின்வரிசையில் ஒரு தம்பி எழும்பி, "அப்ப எங்கட மாமாவைப் பரியாரி ஐயா பார்வை பார்த்துத்தானே பிழைக்கப் பண்ணினவர்?" என்று கேட்டான். நாங்களாக இருந்தால் அவனை மடக்கியிருப்போம். அவர்கள் அந்த விசகடிப் பரியாரியாரையும் கூட்டத்துக்கு அழைத்து, முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தாதி சொன்னார்: பாம்பு கடித்தும் விஷம் இறக்காமல் விடுவது உண்டு, அப்படிக் கடிபட்டவர் எதைச் செய்தாலும் பிழைப்பார், ஒன்றும் செய்யாவிட்டாலும் பிழைப்பார். கடிபட்ட அந்த நேரத்தில் இது எந்தக் கடி என்று நமக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். பரியாரியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கண் இமை விழுந்தவனை இப்போதெல்லாம் தான் தொடுவதில்லை, நேரே மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குத்தான் ஏற்றி விடுகிறேன் என்று தானாகவே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு நூறு துண்டுப் பிரசுரம் ஈடாகாது. கடிபட்டவன் முதலில் ஓடி வருவது அவர் வாசலுக்குத்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்களுக்குக் குளவிதான் நினைவுக்கு வந்தது. மலையில் குளவி கொட்டி எத்தனை பேரை இழந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் மறியல் செய்கிறோம், நட்டஈடு கேட்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறத் தொடங்கினால் அது எவ்வளவு அவசரம், தோட்ட டிஸ்பென்சரியில் எந்த ஊசி மருந்து எந்நேரமும் இருக்க வேண்டும், கூடு எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு, இவற்றை உட்கார்ந்து படித்திருக்கிறோமா? படித்திருந்தால் நம் கோரிக்கைக் கடிதங்களும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கண்ணகி அம்மன் பொங்கலைப் பற்றியும் கொஞ்சம். கடல்நீரைக் குடத்தில் எடுத்து வந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அதில் விளக்கெரிப்பார்கள், ஒரு கிழமைக்குப் பின் அது வற்றாப்பளைக்குப் போகும். அந்த நாட்களில் ஊரே வேறு ஊராகிவிடும். முல்லைமோடியில் கோவலன் கூத்து ஆடும் மண் அது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். எங்களில் ஒருவர், பழைய சூடு தணியாதவர், "தண்ணியில எப்படி விளக்கு எரியும், நாலு பேர் முன்னால சோதிச்சுப் பார்க்கலாமே" என்றார். அந்த ஆசிரியர் சிரித்தார். "அண்ணை, யுத்தத்தில சிதறின சனம் வருசத்தில ஒருக்கா ஒண்டாய்ச் சேருற இடம் அது. அதைக் குழப்பி எனக்கு என்ன வரப்போகுது? ஆனா வகுப்பில ஒரு பிள்ளை இதே கேள்வியைக் கேட்டால் அடிச்சு இருத்த மாட்டன். விளக்கில எரியிறது திரி உறிஞ்சிற எண்ணெயின்ர ஆவி, தண்ணி எரியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச பொருள் எண்டு இரசாயனத்தைச் சொல்லிக் குடுப்பன். மிச்சத்தை அது வளர்ந்து யோசிக்கட்டும்."

எங்களுக்குள் இதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நழுவல் என்று ஒருவர் இன்றும் சொல்கிறார். பிள்ளை கேள்வி கேட்கும் உரிமையைக் காப்பாற்றினால் போதும், பெரியவர்களின் விளக்கை ஊதி அணைக்கத் தேவையில்லை என்பது மற்ற நால்வரின் முடிவு.

இன்னொன்று இதைவிடக் கடினமானது. முல்லைத்தீவு மாவட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடாத ஊர் இல்லை. 2017 மார்ச்சிலிருந்து முல்லைத்தீவில் தாய்மார் வீதியோரத்தில் போராட்டம் இருந்து வந்திருக்கிறார்கள், கிளிநொச்சியில் அதற்கு முந்திய மாதத்திலிருந்து. அந்தத் தாய்மாரில் பலர் சாத்திரம் கேட்கவும் போகிறார்கள். "இருக்கிறான், தெற்குத் திசையில் இருக்கிறான், தை பிறந்தால் தகவல் வரும்" என்று ஒருவர் சொல்லுவார். காசு வாங்குவார். தை பிறக்கும், தகவல் வராது. கோவூராக இருந்தால் அந்தச் சாத்திரக்காரரைச் சந்தியில் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாயிடம் போய் "அம்மா, அது பொய்" என்று சொல்லிவிட்டு நம்மால் எழும்பி வர முடியுமா? அரசாங்கம் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லாத இடத்தில்தான் சாத்திரக்காரர் கடை விரித்திருக்கிறார். அங்குள்ளவர்கள் சொன்னதைக் கேட்டோம்: கொட்டகையில் சேர்ந்து உட்காரும் தாய்மாரில் சிலர், வருடம் போகப்போகச் சாத்திரம் கேட்பதைத் தாங்களாகவே விட்டிருக்கிறார்களாம். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார ஆள் இருந்தது.

உலகத்தில் மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். 1952இல் அம்ஸ்ரர்டாமில் பல நாட்டு மனிதநேயச் சங்கங்கள் கூடி ஒரு சர்வதேச அமைப்பை ஆரம்பித்தன. நம் உறவினர் நிறையப் பேர் வாழும் நோர்வேயில், மனிதநேயச் சங்கத்துக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் உறுப்பினர். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தேவாலயச் சடங்குக்குப் பதிலாக, மனித உரிமை, நீதி நியாயம், கேள்வி கேட்கும் முறை என்று வகுப்பு வைத்து, முடிவில் குடும்பத்தோடு ஒரு விழா எடுக்கிறார்கள். பிறப்புக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு எல்லாம் அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. பணக்கார நாடு, அரசாங்கக் காசும் கிடைக்கிறது. ஆனால் யோசனை ஒன்றுதான்: மனிதருக்குக் கூடுகை வேண்டும், அதை மறுத்துவிட்டு வெறும் கருத்தை மட்டும் நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள்.

சம்பளப் பிரச்சினை எரியும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று தலைவர்மார் கேட்பார்கள். சங்கத்தில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், சிங்களத் தொழிலாளர் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். நம் கிளைக் கூட்டம் பெரும்பாலும் நடப்பது எங்கே? கோயில் மண்டபத்தில். வேறு இடம் இல்லை. மாதா கோயிலுக்குப் போகும் பெண் தோழர்கள் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று நாம் எப்போதாவது கேட்டதுண்டா? மாதவிலக்கு நாளில் கோயில் படியேறக் கூடாது என்ற கட்டு இருக்கும்வரை, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு மாதத்தில் சில நாள் சங்கக் கூட்டமும் மூடிய கதவுதான். இது நாம் கவனிக்காமல் விட்ட விடயம். முள்ளியவளையில் அந்த மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

இன்னொரு பயம், கோயில் கமிட்டி கோபிக்கும் என்பது. கமிட்டியில் இருப்பவரும் நம் சங்கக்காரர்தான். கோயிலை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திருவிழாவுக்கு விரும்பிக் கொடுப்பவர் கொடுக்கட்டும். ஒவ்வொருவரும் சம்மதம் எழுதிக் கொடுக்காமல் எவருடைய சம்பளத்திலிருந்தும் கோயில் காசு வெட்டக் கூடாது என்பதைச் சங்கம் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். கிறிஸ்தவத் தொழிலாளியின் காசும் வெட்டப்பட்ட மாதங்கள் எங்கள் தோட்டத்திலேயே இருந்தன.

மரணாதாரச் சங்கம் பெரும்பாலான தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட நல்ல தொடக்கம் நமக்குத் தேவையில்லை. மாதம் நூறோ இருநூறோ கட்டுகிறோம், எந்தச் சாமி கும்பிட்டவன் என்று பார்த்தா கொடுக்கிறோம்? அதன் விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: இறந்தவர் எப்படி அடக்கம் செய்யச் சொன்னாரோ அப்படிச் செய்ய சங்கம் துணை நிற்கும். ஐயர் வேண்டும் என்று சொன்னவருக்கு ஐயர், பாதிரியார் வேண்டும் என்றவருக்குப் பாதிரியார், யாரும் வேண்டாம் என்றவருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதி வாசிக்க ஒரு தோழர். தப்பு அடிப்பதென்றால் கலைஞனாகக் கூலி பேசி அடிக்கட்டும். சாதிக் கடமையாக எவர் வீட்டு வாசலிலும் போய் நின்று கூப்பிடக் கூடாது. கல்யாணமும் அப்படித்தான். பதிவாளர் முன் கையெழுத்து வைத்தால் சட்டப்படி கல்யாணம் முடிந்தது, மீதியை எப்படி நடத்துவதென்று அந்தப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும், கதிரையும் பாத்திரமும் சங்கம் கொடுக்கும்.

எங்கள் கிளை இதில் எடுத்த முதல் அடி சின்னது. பழைய பிள்ளைக்காம்பராக் கட்டிடம் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. கூரையில் இரண்டு தகரம் மாற்ற வேண்டும். மரணாதாரச் சங்கத்தின் கதிரைகளில் பன்னிரண்டு அங்கே வைக்கலாம் என்று பேசி முடித்தாகிவிட்டது. ஞாயிறு பின்னேரம் மூன்று மணி என்று முதலில் போட்டோம். அந்த நேரத்தில் பெண்களுக்குத் துணி தோய்க்கிற வேலை என்று இரண்டு தங்கச்சிமார் சொன்னதால் ஐந்து மணிக்கு மாற்றினோம். அடுப்பு வேலையை அன்றைக்கு வீட்டிலிருக்கும் ஆண்கள் பார்க்க வேண்டும் என்றும் தீர்மானம் எழுதியிருக்கிறோம், கையைத் தூக்கியவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. சாவி கிடைக்காவிட்டால் வெளியே வாகை மரத்தடியில் கூடுவோம். முதல் நாள் விடயம் குளவி. தோட்ட டிஸ்பென்சரி மருந்தாளரை அழைத்திருக்கிறோம், குளவிக்கு வேப்பிலை அடிக்கும் பூசாரி ஐயாவையும் அழைத்திருக்கிறோம். அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.